நகர்ந்த எல்லை

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976ல் வெளிவந்தது. கரிசல் மண்ணின் நாவல் என்று சொல்லி அதை முடித்துவிடுவது நம் வழக்கம். ஓசூரில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு அது முதலில் ஓடிவந்தவர்களின் நாவலாகப் படுகிறது. சென்னாதேவியை ஓர் அரசனின் ஆசையிலிருந்து காப்பாற்ற அவள் மனிதர்கள் தெலுங்கு தேசத்தை விட்டு வெளியேறுகிறார்கள். குறுக்கிட்ட ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுக்கிறது. தெற்கே வந்து, காட்டுக்குத் தீ வைத்து, நிலம் திருத்தி ஊராகிறார்கள். மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் கதையில்தான் விட்டுவந்த தேசம் மிஞ்சியிருக்கிறது.

இங்கே நடந்தது வேறு. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி கம்பெனிக்குப் போயிற்று. மேட்டு நிலத்து ஓசூர் மைசூரிலேயே நின்றது. இன்று அத்திப்பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் எல்லை அன்று இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடியது. 1799ல் திப்பு மாண்டபின் ஓசூரும் கம்பெனி வசமாகிச் சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. 1956ல் ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது, தெலுங்கும் கன்னடமும் பேசும் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் சென்னை ராஜ்யத்தில் தங்கின. 1965ல் தருமபுரி மாவட்டம், 2004ல் கிருஷ்ணகிரி மாவட்டம். இதில் எதற்காகவும் யாரும் மூட்டை கட்டவில்லை. எல்லைதான் நடமாடியது.

எங்கள் வங்கிக் கவுண்டரில் ஒரு பெரியவர் தெலுங்கில் கையெழுத்துப் போடுகிறார். கூட வந்தவரோடு கன்னடத்தில் பேசுகிறார். சலானை என்னிடம் நீட்டித் தமிழில் நிரப்பித் தரச் சொல்கிறார். பாட்டன் காலத்திலிருந்து அதே கிணறு, அதே களம். ‘உங்களுக்கு எந்த ஊருங்க?’ என்று அவரைக் கேட்பவர்கள், சிப்காட் வந்தபின் பிழைக்க வந்து குடியேறிய நாங்கள்.

அந்நியமாதல் என்ற சொல்லைக் காம்யூவைப் படித்து எடுத்துக்கொண்ட நாம், அதை அறைக்குள் தனித்திருக்கும் இளைஞனுக்கே செலவழித்துவிட்டோம். ராஜநாராயணனின் தாய்மொழி தெலுங்கு, எழுதியது தமிழில். ஓடிவந்தவர்கள் தமிழ் நாவலுக்குள் வர முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்களிடம் சொல்ல ஒரு பயணம் இருந்தது என்று நினைக்கிறேன். புறப்படாதவனுக்குப் பயணம் இல்லை, வளைந்துகொடுத்த மரமும் இல்லை. அவன் இழப்பு பட்டாவிலும், பள்ளிக்கூடத்துப் பாஷையிலும், ஆபீஸ் பாரங்களிலும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. கோபல்லத்தின் உருவம் அந்த அனுபவத்துக்கு உதவாது. உதவக்கூடிய உருவம் எது? இதை நாவல் எழுதுகிற நண்பர்களிடம்தான் கேட்கிறேன். அந்தப் பெரியவரிடம் கேட்க எனக்குப் போதுமான தெலுங்கு இல்லை.