கடலடிச் சரிவும் கம்பி அறுந்த நிமிஷமும்

அடைமழைக் காலத்தில் மேட்டுத் தோட்டங்களில் மண் சரிவதை நாம் கண்டிருக்கிறோம். பல நாள் மழை மண்ணில் ஊறிக் கிடக்கும். ஓரிரவு ஒரு நிரை மரங்கள் வேரோடு பள்ளத்தில் இறங்கிவிடும். கண்டங்களின் விளிம்பில், கடலுக்கடியிலும் இதுவே நிகழ்கின்றது. நேரிற் கண்டவர் மட்டும் எவருமிலர். காணாத அதனை மக்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்த வரலாறு.

1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி மாலை 5 மணியளவில், வட அமெரிக்காவின் கீழ்கரையை அடுத்த நியூபவுண்ட்லாந்துத் தீவிற்குத் தெற்கே, கடலடியில் பூகம்பம் உண்டாயிற்று. தீவில் வீடுகள் ஆடின, சேதம் அதிகமில்லை. ஜனங்கள் அச்சந் தெளிந்து தத்தம் வேலையைப் பார்க்கலாயினர். இரண்டரை மணி நேரஞ் சென்றபின் கடல் எழுந்து புரின் தீபகற்பத்தின் மீன்பிடிக் கிராமங்களை வாரிற்று. சில குடாக்களில் நீர் 40 அடி உயரம் ஏறியது. மாண்டோர் 28 பேர். குளிர்காலத்திற்கெனச் சேர்த்த உணவும் விறகும் படகுகளும் போயின. அப்பகுதியின் தந்திக் கம்பியோ முன்னரே புயலில் அறுந்து கிடந்தது. மூன்று நாள் கழித்து வழக்கம்போல் வந்த போர்ஷியா என்னுங் கப்பலின் கம்பியில்லாத் தந்தி வாயிலாகவே தலைநகரம் செய்தி அறிந்தது. அதற்குள் பனிப்புயலும் வந்து சேர்ந்தது.

அதே இரவில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியிற் கிடந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. பூகம்பம் தரையைப் பிளந்ததால் அவை அறுந்தன என்றே அநேகர் கருதினர். அங்ஙனமாயின் எல்லாம் ஒருங்கே அறுந்திருக்க வேண்டுமன்றோ? மையத்தை அடுத்தவை உடனே அறுந்தன. ஆழத்திற் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி 17 நிமிஷங் கழித்து. மேட்டுப் பக்கத்துக் கம்பிகளுக்கோ ஊறில்லை.

செய்தி நின்ற நிமிஷம் தந்தி நிலையங்களிற் பதிவாகியிருந்தது. அறுந்த இடத்தை மின்சார அளவையால் கரையிலிருந்தே கணித்தனர். கிராணி வேலையில் நேரக் கணக்கெழுதி அலுத்த நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்? 23 ஆண்டுகள் கழித்து, 1952இல், அமெரிக்கக் கொலம்பியா சர்வகலாசாலையைச் சார்ந்த ஹீசன், ஈவிங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அந்நிமிஷங்களை வரிசைப்படுத்தி உண்மையை வெளியிட்டனர். பூகம்பத்தாற் சரிந்த சேறு நீரோடு கலந்து, கனத்த வெள்ளமாகிச் சரிவின் வழியே பாய்ந்து கம்பிகளை அறுத்தது. சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 60 மைல் இருந்ததெனக் கணக்கிட்டனர். பிற்காலத்தில் ஆழ்கடற் படுகையைத் துளைத்தெடுத்துப் பார்த்தபோது, கீழே பருமணலும் மேலே நுண்மணலுமாக அவ்வெள்ளம் படியவிட்ட அடுக்கு கிடைத்தது.

ஆயினும் பூகம்பம் ஒரு நிமிஷ வேலை. சரிவு ஆயத்தமாவதோ பல்லாயிரம் ஆண்டு வேலை. பனியூழியில் பனியாறுகள் நிலத்தை அரைத்துக் கண்டத்தின் விளிம்பிற் சேற்றைக் கொட்டின. ஓரடுக்கினுள் அகப்பட்ட நீர் வெளியேறுமுன் அடுத்த அடுக்கு அதன்மேல் ஏறியது. ஆகவே மேற்பாரத்தின் ஒரு பகுதியை நீரே தாங்கியது. மண் துகள்களின் பிடிப்புத் தளர்ந்தது. இத்தகைய இடம் செங்குத்தாயிருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பாகைச் சாய்வே போதும். அடிவாரம் நகர்ந்ததும் மேலுள்ளது ஆதரவிழந்து சரியும். அதற்கு மேலுள்ளதும் அவ்வாறே. இங்ஙனம் உடைப்பு, கரையை நோக்கிப் பின்னேறும்.

நார்வேக்கு அப்பால் ஸ்டோரெக்கா என்னுமிடத்தில் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சரிவு இம்முறையில் பின்னேறியதே. அதன் உடைப்பு விளிம்பின் நீளம் 180 மைல். கடலெழுச்சி விட்டுச்சென்ற மணல் ஸ்காட்லாந்தில் இன்றும் காணக்கிடக்கின்றது.

1929ஆம் ஆண்டுச் சரிவைக் குறித்த விவாதம் ஓயவில்லை. மேற்பரப்புச் சேறு மாத்திரமே பரவலாக நழுவிற்றென்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதனடியில் ஏறக்குறைய 1,600 அடி கனமுள்ள அடுக்குத்தொகுதி ஒன்றும் சிறிது தூரம் இறங்கியதென்றும், கடலை எழுப்பியதில் அதற்கும் பங்குண்டென்றும் 2019இல் வேறு ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர்.