வளைகுடா வேலை: வழியும் வரலாறும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு அங்கு வந்தன. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கினர். ஆனால், குதிரையைப் பேணும் முறை அறிந்தார் இல்லாமையால் பெரும்பாலானவை மடிந்தன என்பது அவர் தரும் செய்தி. ஓர்முசும் கீசும் பாரசீக வளைகுடாவில் உள்ளவை. அன்று அங்கிருந்து நம் நாட்டுக்குக் குதிரைகள் வந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிருந்து அங்கே மனிதர்கள் செல்கின்றனர். அவர்கள் சென்ற வழியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்தவர்களின் மக்கள். நம்முள் பல குடும்பங்கள் அடுத்த தலைமுறையில் ஒருவரையேனும் துபாய்க்கோ குவைத்துக்கோ அனுப்பியிருக்கின்றன. ஆகவே இது பிறர் கதையன்று. நம் வீட்டுக் கதையே.

ரூபாய் வழங்கிய நகரம்

எண்ணெய் கண்டறியப்படுவதற்கு முன் துபாய் முத்துக்குளித்தலாலும் கடல் வாணிகத்தாலும் வாழ்ந்த சிற்றூர். அங்கு எடுத்த முத்துகளுக்குப் பம்பாயே பெருஞ்சந்தை. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார மந்தமும் அத்தொழிலை அழித்தன. 1947 வரை வளைகுடாவில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி இந்திய அரசாங்கத்தின் கீழ்ப் பணியாற்றினார். கடைத்தெருவில் வழங்கியதும் இந்திய ரூபாயே. 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவிற்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966 ஜூனில் நம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் துபாய் அதனைக் கைவிட்டது. 1971 டிசம்பர் 2-ல் ஐக்கிய அரபு அமீரகம் தோன்றிற்று. 1973-ல் திர்ஹம் வழக்கிற்கு வந்தது.

அதே 1966-ல்தான் துபாயின் கடலடியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1969-ல் ஏற்றுமதி தொடங்கிற்று. 1972-ல் ரஷீத் துறைமுகம் திறக்கப்பட்டது. 1973 இறுதியில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. துறைமுகம், சாலை, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் ஒரே காலத்தில் எழலாயின. 1968 கணக்கெடுப்பில் துபாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 59,000 மட்டுமே. இத்துணைப் பணிக்கு அங்குள்ள கைகள் எங்ஙனம் போதும்? கொத்தனாரும் தச்சரும் கம்பி கட்டுவோரும் கடல் கடந்து வந்தாக வேண்டும். 2022-ல் அந்நகரின் மக்கள்தொகை 35 லட்சத்தைக் கடந்துவிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டினரே.

கப்பலும் ‘என்.ஓ.சி.’யும்

விமானப் பயணம் எளியோர்க்கு எட்டாத நாளில், பம்பாயிலிருந்து வளைகுடாத் துறைமுகங்களுக்குச் சென்ற கப்பல்கள் ‘தும்ரா’, ‘துவாரகா’, ‘தாரா’, ‘தரேசா’ என்பன. இவற்றுள் ‘தாரா’ 1961 ஏப்ரல் 8-ல் துபாய்க்கு அருகே வெடிவிபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. 238 பேர் மாண்டனர். ‘துவாரகா’ 1982 வரை ஓடிற்று.

அந்தத் துவாரகாவின் மேல்தளத்தில் பாயை விரித்து 1976-ல் துபாய் சென்றவர் என் சித்தப்பா. அவர் கொத்தனார். ஊரிலிருந்து வந்து மாதுங்காவில் என் தந்தையாரின் ஒற்றையறையில் ஏழு மாதம் தங்கினார். அந்நாளில் அங்கிருந்து வரும் அனுமதித்தாளை ‘என்.ஓ.சி.’ என்றே எல்லாரும் கூறுவர். “என்.ஓ.சி. வந்துவிட்டதா?” என்பதே காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வியாம். சித்தியின் நகைகளை விற்றும் வட்டிக்கு வாங்கியும் ஒரு முகவரிடம் 7,000 ரூபாய் கட்டினார். நான் பிறக்குமுன் நடந்தவை இவை. என் தந்தையார் சொல்லக் கேட்டவை.

சித்தப்பா தாமாக எதுவும் கூறியதில்லை. அவர் மறைந்த பின் அவருடைய இரும்புப் பெட்டியில் இரண்டு தாள்கள் கிடைத்தன. ஒன்று பம்பாயில் கையொப்பமிட்டது: கொத்தனார் வேலை, மாதம் 900 திர்ஹம், உணவும் உறைவிடமும் உண்டு. மற்றொன்று துபாயில் இறங்கியபின் கையொப்பமிட்டது. அது அரபு மொழியில் இருந்தது. தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்தேன். சாதாரணக் கூலியாள், மாதம் 600 திர்ஹம், உணவு அவரவர் பொறுப்பு என்றிருந்தது. தாம் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. 1978-ல் என் பாட்டி காலமானபோது அவர் வரவில்லை என்று ஊரில் பலர் பழித்தனர். வர இயலவில்லை என்பதனை அந்தத் தாள்களைப் பார்த்த பின்பே நாங்கள் உணர்ந்தோம். கடன் தீர எட்டு ஆண்டுகள் ஆயின.

சட்டம் வந்த வரலாறு

இவ்வாறு ஏமாந்தவர் என் சித்தப்பா ஒருவர் மட்டும் அல்லர். அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் வழியே சென்ற தோட்டத் தொழிலாளரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது அது. பம்பாயில் அலுவலகம் வைத்து ஆளனுப்பும் முகவரைக் கட்டுப்படுத்த அச்சட்டம் போதவில்லை. 1979-ல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டு, முகவர்களுக்கு இடைக்கால நெறிகளை வகுத்தது. அதன் பின்னரே 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. ஆளனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்பதும், குறிப்பிட்ட தொழிலாளர் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பதும் அதன் சாரம். கடவுச்சீட்டில் ‘இ.சி.ஆர்.’ என்னும் முத்திரையைக் கண்டு சலித்துக்கொள்வோர் பலர். அம்முத்திரை தடையன்று, ஒப்பந்தத்தை மற்றொருவரும் படித்துப் பார்க்கட்டும் என்பதற்கான ஏற்பாடு. பத்தாம் வகுப்புத் தேறியோருக்கு அது வேண்டா என 2007-ல் தளர்த்தப்பட்டது.

பின்னர் வந்தவையும் இவ்வாறே. விபத்தில் இறந்தோரின் குடும்பங்கள் கைவிடப்பட்ட நிலை கண்டு 2003-ல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஊதியம் தராது இழுத்தடித்த கொடுமையைத் தடுக்க, வங்கி வழியே ஊதியம் வழங்கும் முறையை அமீரகம் 2009-ல் கொணர்ந்தது. தொழிலாளரின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைத்தலாகாது என்று 2022-ல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் கூறுகின்றது. ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் பட்ட துன்பத்திற்குப் பின் எழுதப்பட்டதே. விதி முன்னே வந்து காத்ததாக இவ்வரலாற்றில் நான் காணவில்லை.

இன்று நாம் செய்யத்தக்கது

மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் படிப்பதே என் தொழில். அதனால் அண்டைவீட்டார் இத்தகைய தாள்களை என்னிடம் கொண்டு வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் வந்தான், மின்பணி கற்றவன். கைப்பேசியில் வந்திருந்த வேலை உத்தரவைக் காட்டி, “அண்ணா, இன்னும் பத்து நாளில் பயணம், அம்மா வளையலை அடகு வைத்துவிட்டார்” என்றான். பார்த்தேன். அவனுக்கு வந்திருந்தது சுற்றுலா விசா. அதில் சென்று வேலை செய்வது அங்கே குற்றம். அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் தேடியபோது அந்த முகவரின் பெயர் பதிவு பெற்றோர் பட்டியலில் இல்லை. அவர் கேட்டதோ ஒன்றரை லட்சம். பதிவு பெற்ற முகவரே 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் வாங்கலாகாது என்பது விதி.

அவனைத் தடுத்தேன். அவன் தாயார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. “உங்களுக்கு அரசாங்கச் சம்பளம்; எங்கள் பிள்ளை பிழைப்பது பிடிக்கவில்லையா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. ஓராண்டுக்குப் பின் அவன் முறையான வழியில் சென்றான். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிற்குப் பேசுகின்றான். அந்த அம்மையாரும் இப்போது என்னோடு பேசுகின்றார்.

போகாதீர் என்று கூற நான் வரவில்லை. நம் பெற்றோர் போகாதிருந்தால் நாம் இந்நகரில் இல்லை. வளையலை அடகு வைக்குமுன் தாளைப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். முகவரின் பதிவு எண், விசாவின் வகை, ஊதியம், உணவும் உறைவிடமும் யார் பொறுப்பு ஆகிய நான்கையும் பாருங்கள். படிக்கத் தெரியாவிடில், படிக்கத் தெரிந்தவர் ஒருவர் நம் சங்கத்தில் இருப்பார், கூச்சமின்றிக் கேளுங்கள்.

அன்று காயலில் இறங்கிய குதிரைகள் பேணுவாரின்றி மடிந்தன. இன்று கடல் கடக்கும் நம் பிள்ளைகளைப் பேணும் கடமை, அவர்கள் புறப்படுமுன்பே நம் வீட்டில் தொடங்குகின்றது.