பாலாற்றில் உப்பு

ஐரோப்பாவிலும் நம்மிடையிலும் பூதமாக எண்ணப்பட்ட நீர், கூட்டுப்பொருள் என்று லவாய்சியர் அறிவித்தது 1783இல். இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். நேர்கோட்டிலன்றி வளைந்து நிற்பவை. அந்த வளைவினால் மூலக்கூறின் ஒருபுறம் நேர்மின்னும் மறுபுறம் எதிர்மின்னும் சாய்கிறது. நீர் உப்பைக் கரைப்பதும், கடலும் ரத்தமும் சாத்தியமானதும் இதனால்தான்.

சத்துவாச்சாரியில் வசிக்கும் எனக்குப் பாலாற்றின் சரித்திரம் இக்குணத்தின் சரித்திரமாகவே படுகிறது. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் அதைக் கழுவிய நீர் மணலுக்கடியில் இறங்கியது. குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டு வண்டலாகப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. சவ்வு வழியே நீரைப் பிழிய வேண்டும், அல்லது ஆவியாக்க வேண்டும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் அபராதம் 10,000 ரூபாய். 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப்பற்றி மறுபடி தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

வங்கிப் பேரேட்டில் வாராக்கடனை எழுதித் தள்ளுகிறோம். உப்பு சிதைந்து மறைவதில்லை. பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது; கரைந்ததைப் பிரிக்கும் வேலை பாக்கி நிற்கிறது.