கொல்வதா, முறிப்பதா: குடற்கிருமிகளின் தாக்குமுறையும் சிகிச்சைத் தேர்வும்

காலராவில் இறப்பவரின் குடற்சுவர் சிதைவதில்லை. அதன் செல்கள் உயிரோடு இருக்கின்றன, வரிசை குலையாமல் நிற்கின்றன. ஆனாலும் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் உடலைவிட்டு வெளியேறுகிறது. இந்த உண்மையை மருத்துவ உலகம் மிகத் தாமதமாகவே அறிந்துகொண்டது. பிரேதப் பரிசோதனைகளில் குடலின் உட்படலம் உரிந்து கிடந்ததைக் கண்ட ருடால்ஃப் ஃபிர்கோ, காலரா குடலை அரித்துவிடுகிறது என்று கருதினார். உயிர் பிரிந்தபின் குடல் தானாகவே உரியக்கூடும் என்பது கணக்கில் வரவில்லை. 1960ஆம் ஆண்டு வாக்கில் பாங்காக்கில் யூஜின் கங்கரோசாவும் உடனிருந்தோரும், உயிரோடிருந்த நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து மெல்லிய குழாய் வழியே திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உட்படலம் முழுமையாக இருந்தது.

இது உடற்கூறு பற்றிய ஒரு சிறு திருத்தம் மட்டுமன்று. அரிக்கப்பட்ட குடலால் எதையும் உறிஞ்ச முடியாது. அப்படியானால் வாய்வழி நீர் கொடுப்பது வீண். அரிக்கப்படாத குடலென்றால் அதன் வழியாகவே நோயாளியைக் காப்பாற்றலாம். கிருமி என்ன செய்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த பிழையான விடை, பல தலைமுறை நோயாளிகளின் உயிரைப் பறித்தது. குடற்கிருமி நோய்களில் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது கிருமியின் பெயரல்ல. அது எங்கே தங்கி, எதைக் கொண்டு, எந்தச் செல்லை என்ன செய்கிறது என்பதே. அந்த விடையைப் பொறுத்துச் சில நோய்களில் கிருமியைக் கொன்றாக வேண்டும்; சிலவற்றில் அதன் வேலையை முறித்தால் போதும்; வேறு சிலவற்றில் கொல்லும் முயற்சியே நோயாளிக்குக் கேடாகும். நம் ஊர் மருந்துச்சீட்டுகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தென்படுவதில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

காலரா ஒரு நஞ்சினால் விளைவது என்று ராபர்ட் கோக் 1884இலேயே ஊகித்தார். பின்வந்தோர் அந்த நஞ்சை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தித் தேடினார்கள், கிடைக்கவில்லை. கொல்கத்தாவின் சம்பு நாத் டே தேடும் இடத்தை மாற்றினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்தினார். அந்தப் பகுதி நீரால் உப்பியது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரையில், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய நீர்மமும் அதே விளைவைத் தருகிறது என்று காட்டினார். கிருமி இல்லாமலேயே காலரா! எளிய கருவிகளோடு செய்யப்பட்ட இந்தச் சோதனை நவீன குடல்நோய் ஆய்வுக்கே அடித்தளம். ஆயினும் டே வாழ்ந்த காலத்தில் இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் புறக்கணிப்பை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

இனி அந்த நஞ்சின் வழியைப் பார்ப்போம். காலராக் கிருமியான விப்ரியோ காலரே முதலில் கடக்க வேண்டியது இரைப்பை அமிலத்தை. தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்வுகளில், அமிலம் தணிக்கப்படாத நிலையில் நோயுண்டாக்கப் பத்துக் கோடி அளவில் கிருமிகள் வேண்டியிருந்தன; சோடா உப்பால் அமிலத்தைத் தணித்தபோது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை போதுமாயின. தப்பியவை ஒற்றைக் கசையிழையால் சளிப்படலத்தை ஊடுருவிச் சிறுகுடலின் மேற்பரப்பை அடைகின்றன. அங்கேதான் டாக்ஸ்-ஆர், டாக்ஸ்-டி என்னும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இரண்டு வேலைகளைத் தொடங்கி வைக்கின்றன. கிருமிகள் ஒன்றோடொன்று பிணைந்து கூட்டமாக நிலைகொள்ள உதவும் நுண்ணிழைகள் முளைக்கின்றன. கூடவே நஞ்சும் உற்பத்தியாகிறது. நஞ்சுக்கான மரபணு கிருமிக்குச் சொந்தமானதன்று. அதைச் சுமந்து வந்தது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு ஃபேஜ் வைரஸ் என்று 1996இல் மேத்யூ வால்டோரும் ஜான் மெக்கலானோஸும் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ் கிருமிக்குள் நுழையும் வாயிலும் அதே நுண்ணிழைதான்.

நஞ்சின் ஐந்து ‘பி’ துணைக்கூறுகள் குடற்செல்லின் மேலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ள, ‘ஏ’ துணைக்கூறு உள்ளே சென்று ஒரு சமிக்ஞைப் புரதத்தை அணையாத நிலையில் பூட்டிவிடுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சமிக்ஞை மூலக்கூறின் அளவு ஏறுகிறது. குளோரைடு வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும் நீரும் குடற்குழிக்குள் பாய்கின்றன. வழக்கமாகச் சோடியத்தை உள்ளிழுக்கும் பாதையும் அடைபடுகிறது. ஆனால் ஒரு பாதையை மட்டும் நஞ்சு தொடுவதே இல்லை. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே கொண்டுசெல்லும் கடத்துபுரதம் பழுதின்றி வேலை செய்கிறது. இவ்விரண்டும் இணைந்தே செல்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார். அவர் மனதில் அப்போது காலரா இல்லை.

அந்தத் தொடப்படாத பாதைதான் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. அளவு பிசகினால் அதுவும் ஆபத்தே: மணிலாவில் 1962இல் ராபர்ட் பிலிப்ஸ் நடத்திய தொடக்கச் சோதனை இறப்புகளில் முடிந்து, ஆய்வையே சில ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. இழந்த நீரை அளந்து அதற்கு ஈடாகக் கொடுக்கும் முறையை டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் டாக்காவில் வகுத்து, 1968இல் வெளியிட்டார்கள். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் சிரைவழிச் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கலவையைப் பொட்டலங்களாக்கி, நோயாளிகளின் உறவினர்களே கரைத்துக் கொடுக்கும்படி செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 ஆகச் சரிந்தது. கிருமியைத் தொடாத மருந்து சாதித்தது இது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: ஆன்டிபயாடிக் காலராவில் பயனற்றதா? இல்லை. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் ஒரே வேளை கொடுத்தால் பேதியின் அளவும் நாளும் ஏறத்தாழப் பாதியாகின்றன. கடும் நீரிழப்பு உள்ளவருக்கு அது தக்க துணை. துணையை முதன்மையாக்கி, நோயில்லாதவருக்கும் வாரி வழங்கும்போதுதான் சிக்கல். தான்சானியாவில் 1977இல் தடுப்புக்காகவும் டெட்ராசைக்ளினைப் பெருமளவில் வழங்கினார்கள். ஆறு மாதங்களுக்குள் கிருமிகளில் பெரும்பகுதி அதற்கு மசியவில்லை. சென்னையில் 1992இல் தலையெடுத்த ஓ139 வகைக் காலரா இன்னொரு பாடம். அங்கே பிரித்தெடுத்த கிருமியில்தான் பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒருசேரச் சுமந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எஸ்.எக்ஸ்.டி. என்னும் மரபணுத் தொகுதி முதன்முதலாக அறியப்பட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் கிருமியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது அந்தத் தாவல் அதிகரிக்கிறது என்று வால்டோர் குழு 2004இல் காட்டியது. தேவையின்றிக் கொடுக்கும் மாத்திரை எதிர்ப்பாற்றலைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், பரப்பவும் செய்கிறது.

குடற்செல்லுக்குள் புகும் கிருமிகளின் கதை வேறு. ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். ஊசி போன்ற புரத அமைப்பால் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி உள்ளே புகுந்து, செல்லின் ஆக்டின் இழைகளையே உந்துவிசையாக்கி அடுத்த செல்லுக்குப் பாய்கிறது. பெருங்குடல் புண்ணாகி மலத்தில் இரத்தம் வருகிறது. டைஃபாய்டுக் கிருமி குடலில் நிற்பதே இல்லை. அது விழுங்கு செல்களுக்குள் ஒளிந்து கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. சிலரின் பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. இவ்விரண்டிலும் உரிய ஆன்டிபயாடிக் உயிர்காப்பது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைஃபாய்டு, செஃப்ட்ரையாக்சோன் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு மசியாததால், வாய்வழி மருந்தாக அசித்ரோமைசினையே நம்ப வேண்டியதாயிற்று. சாதாரணப் பேதிக்கு அதே அசித்ரோமைசினைச் செலவழிப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

கொல்வதே தீங்காகும் நோய்களும் உண்டு. ஓ157 வகை ஈ.கோலையின் ஷிகா நஞ்சும் ஒரு ஃபேஜ் வைரஸின் உடைமை. கிருமி சேதப்படும்போது வைரஸ் விழித்துப் பெருகிச் செல்லை உடைத்து வெளியேற, நஞ்சும் சேர்ந்து கொட்டுகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இக்கிருமி தொற்றிய 71 குழந்தைகளில், ஆன்டிபயாடிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்கும், பெறாத 62 பேரில் 5 பேருக்கும் அந்தச் சிக்கல் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் தாக்குமுறை சொல்வதும் எண்கள் சொல்வதும் ஒத்துப்போகின்றன. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலுக்கோ ஆன்டிபயாடிக்தான் கதவைத் திறந்துவிடுகிறது: குடலின் இயல்பான நுண்ணுயிர்கள் அழிந்த வெற்றிடத்தில் அது வளர்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப இந்நோய் கண்டவர்களின் குடலில் ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்களைச் செலுத்தினர். முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள். வேன்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்.

நஞ்சு உற்பத்தியையே நிறுத்தும் மருந்துகளுக்கான தேடலும் நடக்கிறது. டாக்ஸ்-டி புரதத்தைத் தடுக்கும் விர்ஸ்டாட்டின் 2005இல் எலிக்குட்டிகளில் நல்ல பலன் காட்டியது. அது மனித மருந்தாகும் வழி நீளமானது. கையெட்டும் தூரத்தில் இருப்பதாக நான் கருதுவது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு செய்த பணி. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாகிறது. அவை பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுகின்றன. 48 காலரா நோயாளிகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குச் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த பேதி, இதைப் பெற்றவர்களுக்கு 57 மணியில் நின்றது. உடலின் நுண்ணுயிர்களையே சிகிச்சைக்குத் துணையாக்கும் இந்த வழி, அவற்றை அழிக்கும் வழிக்கு நேர் எதிரானது.

இத்தனையும் தெரிந்திருந்தும் கரைசல் ஏன் எழுதித் தரப்படுவதில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் தனியார் மருத்துவர்களிடையே நடத்தப்பட்டு 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, குழந்தைப் பேதிக்கு மருத்துவம் தேடும் பெற்றோர் போல ஆட்களை அனுப்பிப் பார்த்தது. கரைசல் இருப்பில் இல்லாததோ, பிற மருந்துகளில் கிடைக்கும் லாபமோ பெரிய காரணங்களாக இல்லை. வந்தவர் கரைசலை விரும்பமாட்டார் என்ற மருத்துவரின் அனுமானமே முதற்காரணம். விருப்பம் எதையும் சொல்லாதவர்களில் 28 விழுக்காட்டினருக்கே கரைசல் கிடைத்தது. கரைசல்தான் வேண்டும் என்று கேட்டவர்களிடையே அந்த விழுக்காடு 55 ஆனது. எனவே மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு நின்றுவிடாமல், குடலின் அந்தத் தொடப்படாத பாதையைப் பற்றிப் பெற்றோருக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தமிழில் விளக்கும் பணியை அரசு சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஏற்க வேண்டும்.