வெலிக்கடை மதிலும் இராணுவ நீதியும்

கொலன்னாவையிலிருந்து தெமட்டகொடை வழியாகப் பொறளைக்கு வருபவர்கள், பேஸ்லைன் வீதியில் வெலிக்கடைச் சிறையின் மதிலைக் கடந்துதான் வரவேண்டும். தமிழருக்கு அந்த மதில் நினைவூட்டுவது 1983 ஜூலை 25, 27 ஆம் திகதிகளில் உள்ளே படுகொலை செய்யப்பட்ட 53 தமிழ்க் கைதிகளை. அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால், அதே மதிலுக்குள் இந்நாட்டு இராணுவ நீதியின் நூறாண்டு வரலாறும் இருக்கிறது. சீருடை அணிந்தவனை அந்த நீதி எதற்காகத் தண்டித்தது, எதற்காக விட்டுவிட்டது என்பதைச் சற்று நோக்குவோம்.

1915 மே இறுதியில் சிங்கள-முஸ்லிம் கலவரம் மூண்டது. பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. கொழும்பு நகரக் காவல் படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் கைதாகி, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஜூலை 7 அன்று வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலவரம் தொடங்கியதிலிருந்து எண்ணினால் ஆறே வாரம். அந்த இராணுவச் சட்டக் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டநிரூபண சபையில் குரலெழுப்பி, உலக யுத்தத்தின் நடுவே கடல் கடந்து லண்டன் சென்று வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்ற தமிழர். முஸ்லிம் மக்கள் அதனை மனக்கசப்புடனேயே நோக்கினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது 1942. கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் மே 8 ஆம் திகதி இரவு கிளர்ச்சி செய்தனர். சில மணி நேரத்தில் அது அடக்கப்பட்டது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ ஆகஸ்ட் 5 அன்று வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். அதே வாரத்தில் மேலும் இருவர் தூக்கிலேற்றப்பட்டனர். கிளர்ச்சிக்கும் தூக்குமேடைக்கும் இடையே மூன்று மாதங்கூட இல்லை.

சுதந்திர இலங்கையில் அந்தச் சிறைக்குச் சென்ற மிகப் பெரிய இராணுவப் புள்ளி ஜெனரல் சரத் பொன்சேகா. 2009 மே மாதம் யுத்தத்தை முடித்த இராணுவத் தளபதி. 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார், பெப்ரவரியில் கைதானார். சேவையிலிருந்தபோது அரசியலில் ஈடுபட்டார் என்று ஒரு இராணுவ நீதிமன்றம் அவருடைய பதவி நிலையையும் பதக்கங்களையும் பறித்தது. இராணுவக் கொள்வனவில் முறைகேடு என்று இன்னொன்று 30 மாதச் சிறை விதித்தது. முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று இரண்டில் ஒன்றுகூட அவரிடம் கேட்கவில்லை. வெள்ளைக்கொடியுடன் சரணடைய வந்தவர்கள் பற்றிச் சண்டே லீடர் பத்திரிகைக்கு அவர் அளித்த பேட்டிக்காக, 2011 நவம்பரில் மேல் நீதிமன்றம் மேலும் மூன்றாண்டு சிறை விதித்தது. தன் கூற்று திரிபுபடுத்தப்பட்டது என அவர் கூறியதும் எடுபடவில்லை. சொன்னதற்குத் தண்டனை கிடைத்தது; சொல்லப்பட்ட சம்பவத்திற்காக எவர்மீதும் வழக்கில்லை. 2012 மே மாதம் விடுதலையான பொன்சேகா, 2015 இல் பீல்ட் மார்ஷல் ஆனார்.

இனி மிருசுவில். 2000 டிசம்பர் 19 அன்று, இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தமது வீடு வாசல்களைப் பார்க்க அங்கே சென்றனர். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். காயத்துடன் தப்பிய ஒருவரின் சாட்சியமே வழக்குக்கு உயிர் கொடுத்தது. தீர்ப்பை வழங்கியது இராணுவ நீதிமன்றம் அல்ல. மூன்று நீதிபதிகள் அடங்கிய கொழும்பு மேல் நீதிமன்றம். ஐவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. நால்வர் விடுதலையாயினர். ஸ்டாப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூன் 25 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாடே கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். பெர்னாண்டோவுக்கு மூன்று மாதங்களில் முடிந்த கணக்கு, இங்கே தீர்ப்புக்கு மட்டும் பதினான்கரை ஆண்டுகள் எடுத்து, ஒரு கையெழுத்தில் அழிந்துபோயிற்று.

"இராணுவம் விசாரணை நடத்துகிறது" என்ற பொருள்படும் செய்திகளை என் பத்திரிகைப் பணிக்காலத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவற்றின் முடிவை எழுதும் வாய்ப்பு அநேகமாகக் கிட்டியதேயில்லை. கட்டளையை மீறுவதும் ஆட்சியாளரை எதிர்ப்பதும் இராணுவத்திற்கு இழைக்கும் குற்றம். பொதுமகனைக் கொல்வது அப்படியல்ல. அது மறைக்கப்பட வேண்டிய சங்கடம். ஆகவேதான் இராணுவம் தன்னைத்தானே விசாரிக்கும் என்ற உறுதிமொழியை நம்ப நம் மக்கள் மறுக்கின்றனர்.

சாதாரண நீதிமன்றப் பாதையும் மலர்ப்பாதை அல்ல. 2008-2009 இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பதினொரு பேர் கடத்தப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கடற்படையினர். முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளை முன்னெடுப்பதில்லை என்று 2021 அக்டோபரில் சட்டமா அதிபர் அறிவித்தார். இரண்டே மாதங்களில் கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநரானார்.

ஆயினும், மிருசுவில் வழக்கு வீண்போயிற்று என்று நான் கருதவில்லை. மன்னிப்பு தண்டனையைத்தான் நீக்கியது. எட்டுப் பேரைக் கொன்றது யார் என்று இரண்டு நீதிமன்றங்கள் எழுதிவைத்தது ஏடுகளில் இருக்கிறது. அந்த மன்னிப்பையும் சும்மா விடாமல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து மனுத் தாக்கல் செய்தவர்களுள் கொல்லப்பட்டோரின் உறவினரும் உள்ளனர். இராமநாதனைப் போல் லண்டன்வரை செல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. புதுக்கடை நீதிமன்றப் படிகளே அவர்களுக்கு உள்ள வழி.