கருத்து வேற்றுமையும் கலையாத நட்பும்: யுவான் சுவாங்கின் இந்தியக் கல்வி வாழ்வு

அந்நிய நாட்டிற்குக் கல்வி கற்கச் செல்வோர் முதலில் இழப்பது தம் நாவன்மையையே. தாய்நாட்டிற் சொல்வல்லார் எனப் பெயர் பெற்றவரும் அங்கே மழலை பேசும் சிறாரைப் போலாகின்றனர். அந்நிலையில் அவர்க்கு விருந்தோம்பல் கிட்டுதல் எளிது. நட்புக் கிட்டுதல் அரிது. ஏழாம் நூற்றாண்டிற் சீனத்திலிருந்து இந்தியாவுக்குச் சென்று பயின்ற பௌத்தத் துறவி யுவான் சுவாங்கின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றது.

629ஆம் ஆண்டளவில் அரச அனுமதியின்றியே சீனத்தை நீங்கிய அவர், காஷ்மீரத்தில் ஏறக்குறைய ஈராண்டுகள் தங்கினார். அங்கு முதிய துறவியொருவரிடம் முற்பகல், பிற்பகல், இரவு என நாள் முழுவதும் பாடங்கேட்டார். பின்னர் நாலந்தாவை அடைந்து, சீலபத்திரரை ஆசிரியராகக் கொண்டு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயின்றார். தத்துவ நூல்களோடு வடமொழி இலக்கணத்தையும் அவர் அங்குக் கற்றார்.

அவ்விலக்கணம் சீனர்க்கு எத்துணைப் புதுமையானது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சீன மொழியிற் சொற்கள் வேற்றுமையுருபு ஏற்பதில்லை. வடமொழியிலோ பெயர்ச்சொல் எட்டு வேற்றுமையும் மூவெண்ணும் பற்றி இருபத்துநான்கு வடிவு கொள்ளும். யுவான் சுவாங்கின் சரிதத்தை எழுதிய மாணாக்கர் குய்லி, இவ்வடிவங்களைச் சீன வாசகர்க்கு விளக்குவதற்கென்றே தம் நூலிற் சில பக்கங்களை ஒதுக்கியுள்ளார்.

இம்மொழிப் பயிற்சியின் பயன் நாலந்தாவோடு நின்றுவிடவில்லை. 640ஆம் ஆண்டளவில் இலங்கை செல்லக் கருதிக் காஞ்சிபுரத்தை அடைந்தவர், அங்கு வந்திருந்த இலங்கைத் துறவியர் வாயிலாக அந்நாட்டு மன்னன் இறந்ததையும் பஞ்சம் நிலவுவதையும் அறிந்து தம் எண்ணத்தைக் கைவிட்டார். எனினும் அத்துறவியரோடு யோகாசார நூற்பொருளை ஆராய்ந்தே மீண்டார்.

மொழியறிவின் முழுச் சோதனை கன்னியாகுப்ஜத்தில் நிகழ்ந்தது. ஏறத்தாழ 643இல் ஹர்ஷ மன்னன் கூட்டிய பேரவையில் யுவான் சுவாங் மகாயானத்தை நிலைநாட்ட, ஈனயான நூல்களில் வல்லவரான பிரஞ்ஞாதேவர் மறுத்து வாதிட்டுத் தோல்வியுற்றார். முகமன் கூறச் சில சொற்களே போதும். நண்பரை மறுத்துரைக்க ஒரு மொழி முழுவதும் வேண்டும். அயல்நாட்டு மாணாக்கர் ஒருவர் அம்மண்ணின் அறிஞரோடு சமநிலையில் நின்று வாதிட்டமை, அவர் அங்கே விருந்தினர் என்னும் நிலையைக் கடந்துவிட்டார் என்பதற்குச் சான்றாகும்.

645இல் 657 நூல்களோடு தலைநகர் சாங்கானுக்கு மீண்ட யுவான் சுவாங்குக்கு, 652இல் மகாபோதி விகாரையிலிருந்து மடலொன்று வந்தது. அதனை விடுத்தோர் பிரஞ்ஞாதேவரும், சீலபத்திரரின் மாணாக்கரான ஞானப்பிரபருமாவர். மடலோடு இரு வெண்பருத்தி ஆடைகளும் வந்தன. 654இல் யுவான் சுவாங் இருவர்க்கும் மறுமடல் விடுத்தார். அம்மடல்களின் சீன வடிவம் மேற்கூறிய சரிதத்தில் இன்றும் உள்ளது.

ஞானப்பிரபருக்கு எழுதிய மடலில், ஆசிரியர் சீலபத்திரரின் மறைவுக்கு இரங்கியதோடு, சிந்து நதியைக் கடக்கையில் இழந்த ஒரு சுமை நூல்களின் பெயர்களைக் குறித்து, அவற்றை அனுப்பியுதவுமாறும் வேண்டினார். பிரஞ்ஞாதேவருக்கு எழுதியதோ இன்னும் நுண்மையானது. பேரவையில் உண்மையையே கருதி முகம் பாராது பேசியதால் உரசல் நேர்ந்தது என்றும், அவை கலைந்த பின்னர் அது தம் மனத்தை விட்டு அகன்றது என்றும், இன்னும் வருத்தம் தெரிவித்தல் வேண்டியதில்லை என்றும் ஆறுதல் கூறினார். ஆயின் கொள்கையில் அவர் தளரவில்லை. அதே மடலில் நண்பரை மகாயானத்துக்கு மீண்டும் அழைத்தார்.

மாறுபட்ட கொள்கையுடைய இருவர், கடத்தற்கரிய மலைகளுக்கு இருமருங்கிலும் இருந்துகொண்டு, பல்லாண்டு கழிந்த பின்னும் ஒருவரையொருவர் நினைந்து எழுதினர். கருத்து வேற்றுமையை மறைத்துக் காத்த நட்பன்று அது. அதனை வெளிப்படக் கூறியும் நிலைத்த நட்பாகும். பிறமொழியைக் கற்கும் மாணவர் அடையத்தக்க பெரும்பேறு இதுவே எனலாம்.