ஒதுக்கீட்டுக் கணக்கும் அதைக் கற்றவர்களும்

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த பிரெட்டன் வுட்ஸில் கூடிய 44 நாடுகளின் பேராளர்கள் பன்னாட்டு நாணய நிதியத்தையும், பின்னாளில் உலக வங்கி என்று வழங்கலான வங்கியையும் உருவாக்கியபோது, எல்லாவற்றிலும் கடுமையான சச்சரவுக்கு உள்ளானது ஒதுக்கீடு எனப்பட்ட ஒரு தொகையே ஆகும். ஓர் உறுப்பு நாடு நிதியத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கையும், நெருக்கடிக் காலத்தில் அது பெறக்கூடிய உதவியின் அளவையும், அவையில் அதற்குரிய வாக்குகளையும் அந்த ஒரே தொகைதான் முடிவு செய்தது. எல்லா நாடுகளுக்கும் சமமாக 250 அடிப்படை வாக்குகள் வழங்கப்பட்டன என்றாலும், ஒதுக்கீட்டின் ஒவ்வோர் இலட்சம் டாலருக்கும் மேலும் ஒரு வாக்கு சேர்ந்ததால், செல்வ நாடுகளின் குரலே ஓங்கி நின்றது.

அந்தத் தொகையை எட்டிய வழி விசித்திரமானது. அமெரிக்கக் கருவூலத்தில் பணியாற்றிய ரேமண்ட் மைக்செல் என்னும் இளம் பொருளியலாளரை 1943 ஏப்ரலில் அழைத்த அக்கருவூலத்தின் உயர் அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட், அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 290 கோடி டாலரும், பிரிட்டனுக்கு அதில் சுமார் பாதியும், சோவியத் ஒன்றியத்துக்கும் சீனாவுக்கும் முறையே மூன்றாம் நான்காம் இடங்களும் கிடைக்கும்படியாக ஒரு சூத்திரம் அமைக்கச் சொன்னார். அதாவது, விடை முதலில் தரப்பட்டது. கணக்கைப் பிறகு போட வேண்டியிருந்தது. தேசிய வருமானம், தங்கம் மற்றும் டாலர் இருப்பு, சராசரி இறக்குமதி, ஏற்றுமதியின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைப் பல விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்து, மைக்செல் அந்த விடைக்குப் பொருந்தும் வடிவத்தைக் கண்டார். மாநாட்டுக் குழுவில் விளக்கம் கேட்கப்பட்டபோது, கருத்தில் கொள்ளப்பட்ட காரணிகளைப் பற்றி நீண்ட நேரம் பேசிய அவர் சூத்திரத்தை மட்டும் வெளியிடவில்லை என்பதை, 1994-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பன்னாட்டு நிதி குறித்து உலகுக்கு நடத்தப்பட்ட முதல் பாடமே பாதியை மறைத்த பாடமாக அமைந்தது எனலாம்.

அன்றைய இந்தியா அடிமை நாடு. அதன் தூதுக்குழுவின் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்னும் ஆங்கிலேய நிதி உறுப்பினர். ஆயினும் அக்குழுவில் இடம்பெற்ற சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் வாளாவிருக்கவில்லை. போர்ச் செலவுக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் பட்ட கடன் ஸ்டெர்லிங் இருப்பாக இலண்டனில் முடங்கிக் கிடந்ததால் அதை மீட்க வழி வேண்டும் என்றும், வளர்ச்சி குன்றிய நாடுகளின் வளங்களைப் பயன்படுத்த உதவுவது நிதியத்தின் நோக்கங்களில் சேர வேண்டும் என்றும் அவர்கள் வாதாடினர். இரண்டு கோரிக்கைகளும் கேட்டபடி நிறைவேறவில்லை. ஒதுக்கீட்டில் அமெரிக்கா 275 கோடி, பிரிட்டன் 130 கோடி, சோவியத் ஒன்றியம் 120 கோடி, சீனா 55 கோடி, பிரான்சு 45 கோடி எனப் பெற, இந்தியாவுக்கு 40 கோடி டாலர் கிடைத்தது. சோவியத் ஒன்றியம் பிறகு சேராமல் விலகிக்கொண்டதால் இந்தியா ஐந்தாம் இடத்துக்கு உயர்ந்தது.

நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் இயங்கும் ஐக்கிய நாடுகள் அவையின் வழியாகவே வளர்ச்சிக்கடன் வர வேண்டும் என்ற மாற்றுத் திட்டம் 1949-இல் எழுந்தது. அதை முன்வைத்தவர், காஞ்சிபுரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வி. கே. ஆர். வி. ராவ் ஆவார். பத்தாண்டுக் காலம் நடந்த அவ்விவாதத்துக்கு விடையாகச் செல்வ நாடுகள் 1960-இல் உலக வங்கிக்குள்ளேயே பன்னாட்டு வளர்ச்சிச் சங்கத்தை அமைத்தன. ஏழை நாடுகளுக்கு 50 ஆண்டுத் தவணையில், வட்டியின்றி, சிறு சேவைக் கட்டணத்துக்குக் கடன் வழங்கிய அச்சங்கத்தின் பயன் பெரிது. என்றாலும் வாக்குரிமையின் பெரும்பகுதி பணம் தந்தவர்களிடமே தங்கிவிட்டது.

இக்கணக்குகள் வல்லுநர் வட்டத்தை விட்டு வெளியே வந்தது 1990-களில்தான். ஐம்பதாம் ஆண்டில் கடன்களைத் தள்ளி அடிமைகளை விடுவிக்கும் விவிலிய மரபை முன்னிறுத்தி, கீல் பல்கலைக்கழக ஆசிரியரான மார்ட்டின் டென்ட், முன்னாள் தூதர் பில் பீட்டர்ஸ் ஆகியோர் தொடங்கிய ஜூபிலி 2000 இயக்கம், திருச்சபைக் கூட்டங்களிலும் தொழிற்சங்கங்களிலும் கடனின் கணக்கைச் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1998 மே 16-இல் பர்மிங்காமில் ஜி-8 மாநாடு நடந்த இடத்தைச் சுற்றிச் சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலி அமைத்தனர். ஏழை நாட்டின் ஏற்றுமதி வருவாயோடு ஒப்பிட்டு அதன் கடன் தாங்கத்தக்கதா என்று அளக்கும் முறை 1996 முதல் இருந்தது. மொத்தக் கடனின் தற்போதைய மதிப்பு ஏற்றுமதியில் 200 முதல் 250 விழுக்காட்டைத் தாண்டினால்தான் சலுகை என்ற அந்த வரம்பு 1999-இல் 150 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. ஒரு விழுக்காட்டுக் கணக்கை மாற்றத் தெருவில் இத்தனை பேர் கூடியதற்கு முன்னுதாரணம் அரிது.

சலுகை பெற்ற முதல் நாடு உகாண்டா. அங்கே 1991 முதல் 1995 வரை அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிய மாணவர் தலைக்கட்டு மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை அடைந்தது என்பதை ஆய்வொன்று வெளிப்படுத்தியிருந்தது. அதன்பின், மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பது நாளிதழ்களில் அச்சாயிற்று. பள்ளிகளும் வந்த தொகையைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. 2001-க்குள் அந்த அளவு 80 விழுக்காட்டை எட்டியது. நிதி நிர்வாகத்தில் அதே காலத்தில் நடந்த பிற சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதால், முழுப் பெருமையையும் செய்தித்தாளுக்கே சூட்டுவது மிகையாகும்.

பள்ளிச் சுவரில் கண்ட மாற்றம் நிதியத்தின் அவைக்கு அந்த அளவில் ஏறவில்லை. தொடக்கத்தில் மொத்தத்தில் 11 விழுக்காட்டுக்கு மேலிருந்து காலப்போக்கில் சுமார் 2 விழுக்காடாகத் தேய்ந்துபோன அடிப்படை வாக்குகள், 2008-இல் ஏற்கப்பட்ட சீர்திருத்தத்தால் 5.5 விழுக்காடாயின. உள்நாட்டு உற்பத்திக்கு 50, பொருளாதாரத் திறந்த தன்மைக்கு 30, ஏற்ற இறக்கத்துக்கு 15, கையிருப்புக்கு 5 விழுக்காடு என்று எடையிட்ட புதிய சூத்திரம் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. ஆனால் முக்கியத் தீர்மானங்களுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவைப்படுவதால், 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்துள்ள அமெரிக்கா தனியொரு நாடாக அவற்றைத் தடுத்து நிறுத்த முடிகிறது. 2023 டிசம்பரில் முடிந்த பதினாறாவது மீளாய்வும் எல்லா நாடுகளின் ஒதுக்கீட்டையும் இருந்த விகிதத்திலேயே 50 விழுக்காடு உயர்த்த முடிவு செய்ததே தவிர, பங்குகளைத் திருத்தி அமைக்கவில்லை.